கண்ணாடி மணியில் வேலைப்பாடு நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வாயு டார்ச்சின் சுடரில் கண்ணாடித் தண்டை உருக்கி மணி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். வழவழப்பான உருண்டை மணி பெரும்பாலும் எல்லோருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். அதன் மேல் வரி, புள்ளி, சொரசொரப்பு என்று ஏதாவது வைக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. "அக்கா, இந்த அச்சு சரியில்லை, வேற வாங்கணும்" என்று மணியை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் அச்சில் ஒரு குறையும் இருக்காது. சூட்டில்தான் இருக்கும்.

மைசூர்பாகுக்கு ஒரு கம்பிப் பதம், கடலை உருண்டைக்குக் கெட்டிப் பாகு. பாகு ஒன்றுதான், பதம் வேறு. கண்ணாடியும் அப்படித்தான். அச்சு பதிக்க ஒரு பதம், புள்ளி வைக்க ஒரு பதம், தூள் ஒட்ட இன்னொரு பதம். அதனால் கீழே சொல்லும் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கையை, கடைசியாகத்தான் கருவியை.

நான் சொல்லும் கணக்கெல்லாம் விரிவு எண் 104 உள்ள மென்கண்ணாடிக்கு, அதாவது இத்தாலியின் முரானோ பக்கத்துத் தண்டுகளுக்கு. போரோசிலிகேட் என்ற கடினக் கண்ணாடி வைத்திருப்பவர்களுக்குக் காரணங்கள் பொருந்தும், டிகிரிகள் பொருந்தாது.

அச்சு நன்றாகப் பதிந்தது, சுடரில் திரும்பக் காட்டியதும் அழிந்துவிட்டது

இதுதான் அதிகம் கேட்கும் புகார். கண்ணாடி உருகியதும் உருண்டையாகவே பார்க்கும். பரப்பு இழுவிசை எந்தக் கூர்மையையும் விட்டுவைக்காது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த சின்னப் பாசிகளின் ஓரம் மழுங்கி இருப்பதற்கும் இதுவே காரணம். நீளமான கண்ணாடிக் குழாயை இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சூடாக்கி ஓரத்தை உருட்டியிருக்கிறார்கள். திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம் வரை வந்தது. அவர்கள் வேண்டிச் செய்த அதே வேலையைத்தான் நீங்கள் வேண்டாமல் செய்கிறீர்கள்.

அச்சு பதித்த பிறகு மணியைச் சுடருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். சுடரின் நுனிக்கும் அப்பால், வெறும் சூடான காற்று இருக்கும் இடத்தில் சுற்றுங்கள். ஓரம் பளபளக்கத் தொடங்கியதும் வெளியே எடுங்கள். மணி சிவக்கவே கூடாது. சிவந்தால் வேலைப்பாடு போகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இன்னொரு காரணம், முதலிலேயே ஆழமாகப் பதியாதது. மணி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும்போதே அழுத்தினால் கண்ணாடி அச்சைச் சுற்றி வழிந்து, அச்சை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். முழுக்க ஆறிய பிறகு அழுத்தினால் மேலே லேசான தடம் மட்டும் விழும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மணியை நன்றாக ஊறும்வரை சூடாக்குங்கள், உள்ளே, மணியைச் சுற்றிய கம்பிவரைக்கும் சூடு போகட்டும். சுடரிலிருந்து எடுத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு கருத்து, ஒளி அணையும். அணைந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி அழுத்துங்கள். அந்த நேரத்தில் மேல்தோல் இறுகியிருக்கும், உடம்பு மெத்தென்று இருக்கும். அச்சின் வடிவத்தைத் தோல் பிடித்துக்கொள்ளும், உள்ளிருக்கும் கண்ணாடி இடம் கொடுக்கும். அந்தப் பதம் சில நொடிகள்தான். தவறவிட்டால் வலுவாக அழுத்தாதீர்கள், திரும்பச் சூடாக்குங்கள்.

இந்த ஒளி அணைவது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் விஷயம். எங்கள் கொட்டகையில் காலை பதினொரு மணிக்கு மேல் வெயில் நேராக மேசையில் விழும். அந்த வெளிச்சத்தில் இன்னும் சிவந்திருக்கும் மணிகூட ஆறியது போலவே தெரியும். காலையில் அழகாக அச்சு பதித்த அதே பையன் மதியம் ஒன்றுக்குப் பதித்ததெல்லாம் மொழுக்கென்று போனது. மேசைக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைத் தொங்கவிட்ட பிறகு சரியானது. கருவி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நிறமும் கணக்கில் வரும். வெள்ளையும் கருப்பும் இளகிய கண்ணாடிகள், சீக்கிரம் ஓடும். நிறமற்ற கண்ணாடி கெட்டியானது, மெதுவாக இளகும், அதனால் அச்சு அதில் கூர்மையாக நிற்கும். கருப்பில் பழகிய நொடிக்கணக்கை நிறமற்றதில் அப்படியே வைத்தால் ஆறிப்போயிருக்கும். ஒரு நிறத்துக்கு மூன்று மணியாவது செய்து பார்த்து, எத்தனை எண்ணினால் சரி என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

மணி அச்சோடு ஒட்டிக்கொண்டது

அச்சு சூடேறிவிட்டது. பித்தளை அச்சை ஏழெட்டு முறை தொடர்ந்து அழுத்தினால் அதுவே சூட்டைத் தேக்கிவைத்துக்கொள்ளும், கண்ணாடி அதைப் பற்றும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து இரண்டு மூன்று அழுத்தலுக்கு ஒருமுறை முக்குங்கள், துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தால்கூட மணி அந்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். ஒட்டிவிட்டதா? பிடுங்காதீர்கள். அச்சும் மணியும் சேர்ந்தபடியே ஓரிரு நொடி காத்திருந்தால் பெரும்பாலும் தானாக விடும்.

கருவி பற்றி இங்கேயே ஒன்று. விலையுயர்ந்த அச்சுகள் இல்லாமலே நிறையச் செய்யலாம். வீட்டில் பழைய பித்தளை முறுக்கு அச்சின் வில்லைகள் இருக்கும். நட்சத்திர ஓட்டை உள்ள வில்லையில் மணியை அழுத்திப் பாருங்கள், நட்சத்திரம் மேலெழும்பி வரும். எஸ்.பி. ரோட்டில் எடைக்குக் கிடைக்கும் எவர்சில்வர் போல்ட்டின் மரையில் உருட்டினால் நெருக்கமான வரிகள் விழும். துத்தநாக முலாம் பூசிய போல்ட் மட்டும் வேண்டாம். சூட்டில் அது விடும் புகை உடம்புக்குக் கெடுதல். டீ வடிகட்டியின் எவர்சில்வர் வலையும் நல்ல சொரசொரப்பைத் தரும், ஆனால் கம்பி மெல்லியது என்பதால் நொடியில் சூடேறி ஒட்டும். வலைக்கு ஒரு உருட்டு, அவ்வளவுதான்.

விரிசல்

விரிசல் என்று பொதுவாகச் சொன்னால் மருந்து சொல்ல முடியாது. எங்கே, எந்த வடிவில், எப்போது என்று பார்க்கவேண்டும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

அச்சு பட்ட இடத்தில் மட்டும், மேலோட்டமாக, காய்ந்த சேறு போலச் சுருக்கம் சுருக்கமாகத் தெரிகிறதா? நகம் வைத்தால் தட்டுப்படாது, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். குளிர்ந்த உலோகம் பட்டதால் தோல் மட்டும் திடீரென்று சுருங்கிய தடம் அது. பயப்பட ஒன்றுமில்லை. முன்பு சொன்ன சூடான காற்றுப் பகுதியில் கொஞ்ச நேரம் சுற்றினால் மறையும். அடுத்த முறை அச்சைச் சுடரின் ஓரத்தில் ஒருமுறை வாட்டிக்கொள்ளுங்கள், அல்லது கிராஃபைட் பலகையில் அழுத்துங்கள்.

வரியின் பள்ளத்தோடு சேர்ந்தே ஓடும் விரிசல் வேறு. பிளேடால் மணியைச் சுற்றி ஆழமாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் ஆறிவிடுகிறது. ஆறிய மணியைத் திரும்பச் சுடரின் நடுவில் கொண்டுபோனதும் 'டிக்' என்று சத்தம். பெரிய பூசணி வடிவ மணி செய்யும் எல்லோரும் இந்தச் சத்தத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். ஒரு கோடு போட்டதும் மணி முழுவதையும் சுடரின் வெளிப்புறத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், அப்புறம் அடுத்த கோடு. பள்ளம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு, கண்ணாடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் பள்ளத்தின் அடியில் கம்பியை ஒட்டி மெல்லிய ஓடுதான் மிஞ்சும்.

ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைவரை, செய்து பல நாள் கழித்து வரும் விரிசல் என்றால் அனீலிங் போதவில்லை, அதாவது கில்ன் என்ற சூளையில் வைத்து உள்ளிழுவை போகும்படி நிதானமாக ஆறவைத்தது போதவில்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒட்டவைத்த புள்ளியையோ தூளையோ சுற்றி வளையமாக வரும் விரிசல்தான் எனக்கு மிகவும் பரிச்சயமானது. இரண்டு கண்ணாடிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதன் அடையாளம். சூடாகும்போது ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு அளவு விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். 104, 96, 90, 33 என்று தண்டுகளின் மேல் போடும் எண் அந்த விரிவைத்தான் குறிக்கிறது. மேலே இருப்பது அதிகமாகவும் கீழே இருப்பது குறைவாகவும் சுருங்கினால் இரண்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் விட்டுவிடும்.

நம் ஊரில் இந்தக் கோளாறு அதிகம் வருவதற்கு உடைந்த வளையல்தான் காரணம். சிக்பேட்டையில் ஃபிரோசாபாத் வளையல் மலிவாகக் கிடைக்கும், நிறமும் கண்ணைப் பறிக்கும். அதை நுணுக்கி மணி மேல் உருட்டலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. பச்சை வளையல் தூள் ஒட்டிய பன்னிரண்டு மணிகளை ஒரு மாலையாகக் கோத்து அக்காவின் பெண்ணுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஐந்து மணிகள் மாலையிலேயே பிளந்தன.

இப்போது நான் இழை சோதனை செய்யாமல் புதிய கண்ணாடி எதையும் தொடுவதில்லை. வளையல் துண்டு ஒன்றையும் உங்கள் தண்டின் நுனியையும் சேர்த்து உருக்குங்கள். கலக்காதீர்கள், இரட்டை வாழைப்பழம் போல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். நன்றாகச் சூடேறியதும் சுடரிலிருந்து எடுத்து, இடுக்கியால் நுனியைப் பிடித்து நிதானமாக ஒரு முழம் இழுங்கள். இழுத்து முடித்ததும் இழுவிசையை விடாமல் இரண்டு நொடி நேராகப் பிடித்து, அப்புறம் வெட்டிவிட்டு மேசையில் வைத்துப் பாருங்கள். பாதி பச்சை, பாதி வெள்ளையாக முடி போல ஒரு இழை. ஆற ஆற அது நேராகவே கிடந்தால் இரண்டும் சேரும். வில் போல வளைந்தால் சேராது. வளைவின் உட்புறம் எந்த நிறம் இருக்கிறதோ அதுதான் அதிகம் சுருங்கும் கண்ணாடி. அந்தப் பச்சை வளையல் இழை என் மேசையில் கிட்டத்தட்ட அரைவட்டமாகச் சுருண்டது. வளையலுக்கு வளையல் கலவை மாறும் என்பதால் ஒரு டஜன் சேர்ந்தது என்பதற்காக அடுத்த டஜனையும் நம்ப முடியாது. பாட்டில் கண்ணாடிக்கும் இதே சோதனை. வளையலை விடவே மனசில்லை என்றால் மணியையும் அதே வளையலிலேயே செய்துவிடுங்கள்.

வைத்த புள்ளி தெறித்து விழுகிறது

கோலப் புள்ளி மாதிரி வரிசையாகப் புடைத்த புள்ளிகள் வைப்பது பார்க்க எளிது, அவை நிற்பது அடிப்பகுதியைப் பொறுத்தது. புள்ளியைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மணியோடு சேரும் இடத்தில் கழுத்து குறுகி, பட்டாணியை மேலே வைத்தது போல் இருந்தால் அது விழும். விழாவிட்டாலும் சேலையில், துப்பட்டாவில் மாட்டும், கழுத்தின் அடியில் அழுக்கு சேரும். சேம்பு இலையில் நீர்த்துளி உட்கார்ந்திருப்பது போல் இல்லாமல், தரையில் விழுந்த மெழுகுத் துளி போல் அகன்ற அடியோடு உட்காரவேண்டும்.

மணி ஆறியிருக்கும்போது சூடான கண்ணாடி இழையால் தொட்டால் அது மேலே மட்டும்தான் ஒட்டும், உள்ளே கலக்காது. புள்ளி வைக்கப்போகும் இடத்தைச் சுடரின் ஓரத்தில் லேசாகச் சிவக்கவைத்து, இழையின் நுனியில் சின்னக் குமிழ் சேர்த்து, தொட்டு, மெல்ல அழுத்தி, இழையைச் சுடரில் வெட்டி எடுங்கள். உடனே அந்தப் புள்ளியை மட்டும் சுடரில் காட்டி அடி அகலும்வரை பொறுங்கள். இளஞ்சுடரே போதும். மொத்த மணியையும் காட்டினால் மற்ற புள்ளிகள் எல்லாம் தட்டையாகும்.

இருபது முப்பது புள்ளி வைக்கும் மணியில் முதல் வரிசை ஆறிப்போவது இன்னொரு ஆபத்து. சின்னப் புள்ளி பெரிய உடம்பைவிட வேகமாக ஆறும். ஐந்து புள்ளிக்கு ஒருமுறை மணி முழுவதையும் தூரச் சுடரில் சுற்றிச் சூட்டைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

தூள் உதிர்கிறது, அல்லது உருகி மறைகிறது

கண்ணாடித் தூளை நான் சமையலறைக் கணக்கில்தான் பிரித்துவைக்கிறேன்: குருணை, ரவை, மைதா. குருணை ஒட்டினால் கல் பதித்தது போல, ரவை ஒட்டினால் சர்க்கரை தூவியது போல, மைதா ஒட்டினால் வெல்வெட் போல இருக்கும்.

ஒட்டிய தூள் மூன்று கட்டம் தாண்டும். முதலில் ஒவ்வொரு துகளும் கூராக, தனித்தனியாக நிற்கும். அடுத்து ஓரம் உருண்டு ஆரஞ்சுத் தோல் போலாகும். கடைசியில் கரைந்து சமதளமாகிவிடும். முதல் கட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிறுத்தவேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் ஆறியபின் நகத்தால் கீறும்போது பொலபொலவென்று உதிரும், தோலையும் அறுக்கும். அதனால் மணியை நன்றாகச் சிவக்கவைத்துத் தூளில் ஒரே ஒரு உருட்டு உருட்டுங்கள். இரண்டாவது உருட்டில் தூள்மேல் தூள் ஏறும். மேலடுக்கு மணியைத் தொடாமலேயே இருக்கும், அதுதான் பிறகு உதிர்வது. நிறையத் தூள் வேண்டுமானால் உருட்டி, சூடாக்கி, ஒட்டியதை உறுதிசெய்து, அப்புறம் மறுபடி உருட்டுங்கள்.

ஜூலை, ஆகஸ்ட்டில் சாரல் நேரத்தில் மைதா ரகம் கட்டி கட்டியாகிவிடும், தூவினால் திட்டுத் திட்டாக விழும். வெயில் வரும் நாளில் தட்டில் பரப்பி உலர்த்தி, மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சலிக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம், மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும். இந்தத் தூசி நுரையீரலில் போனால் திரும்ப வராது.

ஆப்ப சோடா குழி சரியாக வரவில்லை

சூடான மணியை ஆப்ப சோடாவில் தொட்டெடுத்தால் அது சிதைந்து கரியமில வாயுவை விடும், மேல்பரப்பு குழி குழியாகப் பழைய கல்லைப் போலாகும். குழியே விழாவிட்டால் மணியில் சூடு போதவில்லை. வெள்ளையாக மாவு படிந்திருந்தால் சோடா அதிகம். ஆறியபின் வெந்நீரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், மிச்சமிருக்கும் சோடா கரைந்துவிடும். இந்த வேலையில் சுடர் மஞ்சளாகக் கொழுந்துவிடும். அந்த மஞ்சள் ஒளியை வடிகட்டும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி அணியாமல் மணியைப் பார்க்கவே முடியாது.

நிறம் செத்துப்போய் சாம்பல் படலம்

வேலைப்பாடு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் டர்க்காய்ஸ் நிறத்தின் மேல் ஈயப் பாத்திரம் போல ஒரு படலம், சில இடத்தில் செங்கல் சிவப்பு. அந்த நிறத்தில் செம்பு இருக்கிறது. சுடரில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்தச் செம்பு மேலே வந்து உலோகமாகப் படியும். வேலைப்பாட்டின் மேடுகள்தான் முதலில் மாட்டும், அவைதான் சுடருக்கு மிக அருகில் இருப்பவை.

சென்னையில் பழகிவிட்டு இங்கே வருபவர்களுக்கு இது புதிராக இருக்கும். அங்கே இதே டார்ச்சில் வராத படலம் இங்கே ஏன்? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மெல்லியது. வெளிக்காற்றை உறிஞ்சி எரியும் ஒற்றை வாயு டார்ச்சுக்கு அந்த அளவு ஆக்ஸிஜன் குறைகிறது, சுடர் கொஞ்சம் வாயு மிகுந்து எரிகிறது. வாயுவைச் சற்றுக் குறைத்து, மணியைச் சுடரில் இன்னும் தள்ளிப் பிடியுங்கள். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் உள்கூம்புகள் கூராகி, சுடரின் மஞ்சள் போகும்வரை ஆக்ஸிஜனை ஏற்றினால் போதும். ஏற்கெனவே படிந்த படலத்தை அதே சுடரில் மெதுவாக எரித்து ஓரளவு போக்கலாம், வேலைப்பாடு மழுங்காத அளவுக்கு.

டிசம்பர் காலையில் வேலையின் நடுவில் சுடர் சோர்ந்துபோனால் டார்ச்சைக் கழற்றாதீர்கள். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று வியர்த்திருக்கும். உள்ளே திரவம் ஆவியாகும்போது தன்னையே குளிரவைக்கிறது, அழுத்தம் விழுகிறது. சின்னச் சிலிண்டரில் இது சீக்கிரம் வரும். அரைமணி ஓய்வு கொடுங்கள். வெந்நீர் ஊற்றுவது, படுக்கவைப்பது எதுவும் கூடாது.

பள்ளங்களில் வெள்ளை அழுக்கு

கம்பியில் பூசிய களிமண் பூச்சு பெயர்ந்து வந்து வரிகளில் உட்கார்ந்திருக்கிறது. மணியை அச்சில் அழுத்தும்போது கம்பியை முறுக்கிவிடுகிறீர்கள், துளையோரத்தில் பூச்சு உடைகிறது. அழுத்தும் கை கம்பியைத் திருப்பாமல் நேராக இறங்கவேண்டும். கண்ணாடியில் உருகிப் பதிந்த பூச்சை எடுக்க வழியில்லை. வெறுமனே ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும்.

அனீலிங்: வேலைப்பாடுள்ள மணிக்கு ஏன் கூடுதல் கவனம்

பள்ளம், மேடு, கூர்மூலை எல்லாமே அழுத்தம் குவியும் இடங்கள். வழவழப்பான மணி தாங்கிக்கொள்ளும் உள்ளிழுவையை வரி போட்ட மணி தாங்காது. வெர்மிகுலைட் என்ற தாதுத் துகளில் புதைப்பது மெதுவாக ஆறவைக்கும், அனீல் செய்யாது. கில்னில் சுமார் 510 முதல் 520 டிகிரி செல்சியஸில், பெரிய மணியானால் ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் 430 வரை மணிக்கு 50, 60 டிகிரி வேகத்தில் இறக்குகிறேன். அதற்குக் கீழே கில்னை அணைத்து, கதவைத் திறக்காமல் விட்டுவிடுவேன்.

நடுவில் கரண்ட் போய்விட்டால்? போன மழைக்காலத்தில் எனக்கு நடந்தது. கில்ன் 515-இல் இருக்கும்போது தெருவே இருண்டது. கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கினேன், உள்ளே இருக்கும் சூட்டை அந்தச் செங்கல்தான் காப்பாற்றவேண்டும். மறுநாள் முழுக்க ஆறியபின் மணிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, விரிசல் இல்லாதவற்றைத் திரும்ப வைத்தேன். மணிக்கு 150 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் மறுபடி 515 வரை கொண்டுபோய், முழுச் சுற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். அனீலிங்கை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம், மணிக்குக் கேடில்லை.

ஒளி ஊடுருவும் மணியானால் உள்ளிழுவை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எல்சிடி திரையுள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலரைஸ்டு குளிர்கண்ணாடியைத் திரை கருப்பாகத் தெரியும்வரை திருப்பிப் பிடியுங்கள். நடுவில் மணியைக் காட்டினால், இழுவை உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சம் தெரியும் மணியை யாருக்கும் விற்காதீர்கள்.

மங்கல் பூச்சு திட்டுத் திட்டாக வருகிறது

கண்ணாடியை அரித்து மங்கலாக்கும் எட்சிங் க்ரீம் அல்லது திரவத்தில் முக்கியெடுத்த மணியில் ஒரு இடம் மங்கலாகவும் ஒரு இடம் பளபளப்பாகவும் இருந்தால் முதல் சந்தேகம் விரல் எண்ணெய். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, அதன்பின் வெறும் விரலால் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் நரம்பில் கோத்து இறக்குங்கள். இரண்டாவது, காற்றுக் குமிழ். வரிகளின் பள்ளத்தில் குமிழ் தங்கினால் அங்கே திரவம் படாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை நரம்பை அசைக்கவேண்டும். மூன்றாவது, குளிர். டிசம்பரில் எங்கள் கொட்டகையில் காலை நேரம் 16, 17 டிகிரிதான் இருக்கும், அந்தத் திரவம் சோம்பலாக வேலை செய்யும். மதியம் வரை காத்திருங்கள். வெள்ளி கலந்த நிறங்களின் உலோகப் பளபளப்பு இதில் போய்விடும், அது கோளாறு இல்லை, அந்தப் படலமே அவ்வளவு மெல்லியது.

இந்தத் திரவங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. தோலில் பட்டதும் எரியாமல் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும், அதனாலேயே ஆபத்து. நைட்ரைல் கையுறை, கண் காப்புக் கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும், பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கவேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இருக்கட்டும். பட்டுவிட்டால் முதலில் நிறையத் தண்ணீர், அப்புறம் ஜெல், அப்புறம் தாமதிக்காமல் டாக்டர். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சிலிக்கான் கார்பைடு பொடியும் தண்ணீரும் போட்டு டம்ளர் என்ற உருளும் பீப்பாய் எந்திரத்தில் சுற்றவிட்டால் அதே மங்கல் வரும், நேரம்தான் அதிகம். ஒன்றிரண்டு மணிக்குக் கருப்பு வாட்டர் பேப்பரைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்தாலே போதும்.

மங்கல் மணி போட்டுப் போட்டுக் கருத்துவிட்டது என்று சிலர் திருப்பிக் கொண்டுவருவார்கள். நிறம் மாறவில்லை, தோலின் எண்ணெய் அந்தச் சொரசொரப்பில் ஊறி ஈரம்பட்டது போல் காட்டுகிறது. வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி ஆறவிட்டால் பழையபடி வந்துவிடும். நான் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் போடுகிறேன்.